சர்க்கார் முத்திரை போட்ட க்ஷேமம்

திருத்தணி,
துர்முகி வருஷம், ஆவணி மாதம் 9-ஆம் தேதி

சகல சௌபாக்கியங்களும் பெற்று நீடூழி வாழ வேண்டிய மாப்பிள்ளை சிரஞ்சீவி சேஷகிரிக்கு, மாமனார் கணபதிசுப்பிரமணியன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் உங்கள் மாமியார் ஜம்பகமும் க்ஷேமம். இந்த க்ஷேமத்தை மற்றவர்கள் கடுதாசியில் எழுதுகிற க்ஷேமம் மாதிரி நினைத்துவிட வேண்டாம். இது சர்க்கார் பரிசோதனை பண்ணி, நம்பர் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்த க்ஷேமம். காகிதம் கூடத்தில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அவ்விடத்தில் நீங்களும் சௌபாக்கியவதி அபிராமசுந்தரியும் உங்கள் தாயாரும் சௌக்கியமாக இருப்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் உங்களிடம் முத்திரை இல்லாதபடியால் ஒரு வரி எழுதிப் போடவும்.

உங்கள் கடுதாசி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. திருத்தணிப் பக்கம் விஷ ஜுரம் பரவியிருப்பதாக ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், யாரோ ஒரு சமையல்காரர் மேல் சந்தேகமாம் என்றும், ஆகையால் சுந்தரியைப் பிரசவத்துக்கு இங்கே அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறோம் என்றும் எழுதியிருந்தீர்கள். யோசிக்க வேண்டாம். அந்தச் சமையல்காரன் நான்தான். ஆகவே இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவன் இந்தத் தாலுக்காவிலேயே கிடையாது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. வருகிற இருபத்திரண்டாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது. காலை வண்டியில் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். நான் ஸ்டேஷனில் ஜட்கா வைத்துக்கொண்டு நிற்பேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. மலைமேல் மடப்பள்ளி எங்கள் பெரியப்பா வம்சத்துக்கு, மலைக்குக் கீழே கல்யாணச் சமையல் எனக்கு. சுற்று வட்டாரத்தில் பெரிய குடித்தனக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முன்னாடி என்னைக் கேட்டுத்தான் நாள் வைப்பார்கள். என் மடி ஆசாரம் ஊரறிந்தது. மூன்று வேளை ஸ்நானம். ஈர வேஷ்டியோடுதான் கோட்டை அடுப்புப் பக்கம் போவேன். அண்டாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காக்காய் பறந்தால்கூட மறுபடி குளிப்பேன். உடம்பைப் பற்றிக் கேட்டால், சுந்தரி பிறந்த வருஷம் ஒரு ஜுரம் வந்து நாற்பது நாள் படுத்தேன், கஞ்சியும் விபூதியும் வைத்தே எழுந்தேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தும்மல் கிடையாது. இந்த ஒரு ஜுரத்தைத்தான், மாப்பிள்ளை, இன்றைக்கு என் மேல் குற்றமாகச் சொல்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், வைகாசியில் மணவூரில் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்தேன். ஆனியில் கனகம்மாசத்திரத்தில் கண்ணையன் என்று ஒரு பெரிய விவசாயி, அவர் சின்னப் பெண் கல்யாணத்துக்குச் சமைத்தேன். இரண்டு இடத்திலும் சாப்பிட்டவர்கள் இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு இடத்திலும் சில பேர் ஜுரத்தில் படுத்தார்கள். அதற்கு நான் என்ன பண்ணுவது? ஆடி பிறந்த மூன்றாம் நாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சடகோபன் என்று ஒருத்தர் சைக்கிளில் வந்து, வாசலில் ஸ்டாண்டு போட்டு, ஒரு நோட்டை விரித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, மணவூர்ல எட்டுப் பேரு, கனகம்மாசத்திரத்துல பதினோரு பேரு. ரெண்டு எடத்துக்கும் கெணறு வேற, பால்காரன் வேற, மளிகை வேற. ஒரு மாசமா அலைஞ்சிகினு இருக்கேன். ரெண்டுத்துக்கும் பொதுவா இருக்கறது நீங்க ஒருத்தருதாங்க."

"ருசியும் பொதுவாத்தானே இருந்தது?" என்றேன்.

"ஆங், அதையும் எல்லாருமே சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நேர்மையான மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையோடு என்னை டாக்டர் எல்லப்பனிடம் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நான் பின்னால். பார்த்தவர்கள் எல்லாரும் இன்ஸ்பெக்டர் வீட்டில் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் என்றைக்கு என்றுகூடக் கேட்டார்கள்.

டாக்டர் எல்லப்பன் சின்ன வயசு, ஆனால் பெரிய படிப்பு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டைபாய்டு என்கிற இந்த ஜுரத்தை ஒரு கிருமி உண்டாக்குகிறதாம். அது குடலில் குடியிருக்கிற ஜாதியாம். ஜுரம் வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் அது விட்டுப் போகாதாம். பித்தப்பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அந்த ஆளுக்கு ஒன்றும் செய்யாதாம், கல்லு மாதிரி இருப்பானாம், ஆனால் அவன் வயிற்றிலிருந்து அது வெளியே வந்துகொண்டே இருக்குமாம், கை சரியாகக் கழுவாவிட்டால் அந்தக் கை பட்ட சாப்பாட்டில் ஏறி மற்றவர்களுக்குப் போகுமாம். நான் கேட்டேன், "டாக்டர், இருபத்திரண்டு வருஷமா என் வயித்துல ஒருத்தன் குடியிருந்தா எனக்குத் தெரியாதா?" அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கச் சொன்னார். வேறு யாரோ ஒருத்தருடைய கிருமி. பொடிச் சீரகம் மாதிரி குட்டிக் குட்டியாய், நெளிந்துகொண்டு இருந்தது. "இவ்வளவுதானே, இதை வஸ்திரகாயம் பண்ணினாப் போயிடுமே" என்றேன். துணியில் சலிக்கிற சமாசாரம் இல்லையாம். சரி, அவருக்குச் சமையல் தெரியாது, எனக்குக் கிருமி தெரியாது, விட்டுவிட்டேன்.

அடுத்தபடியாக அவர் கேட்ட கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "கொல்லைக்குப் போய்ட்டு வந்தா சோப்பு போட்டுக் கை கழுவறீங்களா?" என்கிறார். சோப்பா! ஆட்டுக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ போட்டுக் காய்ச்சினதை நான் மடியாய் இருக்கிற கையால் தொடுவேனா? எங்கள் வம்சத்தில் மண்ணும் தண்ணீரும்தான். அதுவும் வலது கைக்கு இத்தனை, இடது கைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு என்று விவரமாகச் சொன்னேன். டாக்டர் என் நகத்தைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். என் ஆசாரத்தைக் கேட்டு அசந்துபோய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அகலமான வாய், திருகு மூடி, உள்ளே ஒரு சின்னக் குச்சி. எதற்கு என்று சொன்னார்கள். மாப்பிள்ளையிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆகையால் இந்தக் கடுதாசியில் அதை 'அந்த வஸ்து' என்றே எழுதுகிறேன். அந்த வஸ்துவில் கொஞ்சம் அந்தப் பாட்டிலில் போட்டுக் கொடுக்க வேண்டும். ரயிலில் பட்டணம் போகுமாம். அங்கே படித்தவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்களாம். ஜம்பகம் பாட்டிலை வாசற்படி தாண்டி உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டாள். கொல்லை முருங்கை மரத்தில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு கௌரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷமாக என் கையிலிருந்து எது வெளியே போனாலும் பேர் சொல்லும்படி போயிருக்கிறது. அப்படிப்பட்டவன் இந்த ஒன்றை மட்டும் மொட்டையாக அனுப்புவதா? பட்டணத்தில் மூடியைத் திறக்கிறவன் முகம் சுளித்தால் யாருக்கு அவமானம்? ஆகவே முதல் இரண்டு நாள் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஸ்நானம் பண்ணிவிட்டு, முதலில் பாட்டிலை வெந்நீரில் அலம்பி, அடியில் ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி தூவினேன். அந்த வஸ்துவைப் போட்ட பிறகு மேலாகக் குன்றிமணி அளவு பச்சைக் கற்பூரம், ஒரே ஒரு கிராம்பு. அதிகம் ஒன்றும் இல்லை. நாலு விரல் தள்ளி நின்றால் சர்க்கரைப் பொங்கல் வாசனைதான் வந்தது. மூடியைத் திருகி, வாழை நாரால் கட்டி, சடகோபனிடம் கொடுத்தேன். அவர் மோந்து பார்க்கவில்லை. அது அவர் தப்பு.

பட்டணத்திலிருந்து காகிதம் வர நாளாகும், அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று டாக்டர் ஒரு புது மருந்தைக் கொடுத்தார். க்ளோரோமைசிடின் என்று பேர். போன யுத்தத்துக்கு அப்புறம் கண்டுபிடித்ததாம். முன்னெல்லாம் டைபாய்டு என்றால் வைத்தியர் கையை விரிப்பார், இப்போது இது நாலு நாளில் ஜுரத்தை இறக்கிவிடுகிறதாம். கண்ணையன் வீட்டு ஜனங்கள் பிழைத்தது இதனால்தானாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு நாள், ஒன்றுகூட விடாமல் விழுங்க வேண்டும் என்றார். பார்த்தால் விரல் நுனி அளவு வெள்ளைக் குப்பி, வழவழவென்று, உள்ளே பொடி. மேல் கூடு எதனால் செய்தது என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, எலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசையில் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தெட்டுக் குப்பியையும் வரிசையாக அடுக்கி, முறத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொடியை மட்டும் ஒரு கிண்ணத்தில் தட்டினேன். கூடுகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். பொடியை நாக்கில் தொட்டேன். ஐயோ மாப்பிள்ளை, அந்தக் கசப்பை எழுதுவதற்குப் பேனாவில் மசி போதாது. சாயங்காலம் வரைக்கும் காவிரித் தண்ணீர் குடித்தாலும் கசந்திருக்கும். கசப்பு என்றால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். வெல்லப்பாகு வைத்து, சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி வறுத்துப் பொடித்துப் போட்டு, நெய் பிரிகிற வரைக்கும் கிளறி, கடைசியில் இந்தப் பொடியைத் தூவி இறக்கினேன். லேகியம் என்றால் அது லேகியம். கல்சட்டியில் அப்படியே மினுமினுவென்று நின்றது.

இந்த வீட்டில் எந்த லேகியம் கிளறினாலும் நாலு வீட்டுக்குக் கொடுக்காமல் நாங்கள் வாயில் வைத்ததில்லை. சுவாமிக்குக் காட்டிவிட்டு கௌரியம்மாள் வீட்டுக்கு ஒரு கிண்ணம், தபால்காரன் முனியனுக்கு ஒரு உருண்டை, ஜட்காக்காரனுக்கு, அவன் குதிரைக்கு, சமையலில் எனக்குக் கைவேலை செய்கிற நாலு பேருக்கு, எல்லாருக்கும் போனது. குதிரை மட்டும் சாப்பிடவில்லை. கடைசியில் என் பங்குக்கு நெல்லிக்காய் அளவு மூன்று உருண்டை மிஞ்சிற்று. அதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகச் சாப்பிட்டேன், நேரம் தவறவே இல்லை. கௌரியம்மாள் மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று இன்னொரு கிண்ணம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயரே, அது என்ன பண்டிகைப் பலகாரமா? முழு அளவுல உள்ளே போனாத்தான் அதுங்க சாவும். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா அதுங்களுக்கு இந்த மருந்தே பழகிப்போயிடும். அப்பறம் நிஜமா ஜுரத்துல கெடக்கறவனுக்கு இதைக் குடுத்தாக்கூடக் கேக்காது!" எனக்கு இது புரியாமல் இல்லை. நம்ம பக்கத்து நாக்கும் ஆந்திரா மிளகாய்க்கு அப்படித்தான் பழகிற்று. ஆனால் கிருமிக்கு நாக்கு இருக்கிறதா என்று கேட்டேன். மறுபடி நாற்பத்தெட்டு வரவழைக்க வேண்டும் என்றார், இந்தத் தடவை தன் கண் முன்னால்தான் விழுங்க வேண்டுமாம். கூட்டோடு. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு கூத்தும் நடக்கும்போது பட்டணத்திலிருந்து காகிதம் வந்தது பாருங்கள்! நம்ம ஊர் ஆந்திராவில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறதா, ஜில்லா ஆபீஸ் வழியாக வந்தபடியால் முத்திரை தெலுங்கில், எழுத்து இங்கிலீஷில், வயிறு மட்டும் தமிழ். பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். 'கிருமி எதுவும் வளரவில்லை.' அவரை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அன்றைக்கே கடைத்தெருவில் கண்ணாடி போட்டு வாங்கிவந்து கூடத்தில் மாட்டினேன். தெரு ஜனம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எந்தக் கிருமியும் கிடையாதாம் மாப்பிள்ளை! டாக்டர்கூடச் சொன்னார், மனுஷனாய்ப் பிறந்தவன் குடலில் நல்லதோ கெட்டதோ ஏதாவது இருந்தே தீரும், ஒன்றுமே வளராத வயிற்றை நான் பார்த்ததே இல்லை என்று. முப்பது வருஷ மடி சும்மாவா போகும்?

ஜம்பகம் இந்த இடத்தில் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் எழுதறேளே, கற்பூரம் போட்டதைச் சடகோபன் கண்டுபிடிச்சதையும் எழுதுங்கோ" என்கிறாள். எழுதத்தான் போகிறேன். நான் என்ன மறைக்கிறவனா? பட்டணத்திலிருந்து ஒரு தனிக் கடுதாசி அவருக்கு வந்திருக்கிறது, பாட்டிலில் மணம் வருகிறதே, இது என்ன என்று. அவர் சைக்கிளில் பறந்து வந்தார். நான் அளவு உள்பட முழுசாகச் சொன்னேன். செய்முறையைக் கேட்கிறவர்களுக்கு ஒளிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

"சாமி! மஞ்சளும் கற்பூரமும் போட்டா கிருமி எப்பிடிங்க வளரும்? செத்துதானே போவும்?"

"அப்போ வைத்தியம் ஆயிடுத்துன்னு அர்த்தம்தானே? உங்க டாக்டர் பன்னண்டு நாள் செய்யறதை நான் ஒரு சிட்டிகைல செஞ்சிருக்கேன்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டில்ல செத்தா போதாதுங்க, உங்க வயித்துல சாவணுங்க என்று என்னென்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இன்னொரு பாட்டிலைக் கொடுத்து, இந்தத் தடவை தானே காவல் நின்றார். கொல்லைக் கதவுக்கு வெளியே. உள்ளே போகுமுன் என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொன்னார், ஏலக்காய் இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாசனை இல்லை, ஒரு அலங்காரம் இல்லை, பரம தரித்திரமாக அந்த இரண்டாவது பாட்டில் பட்டணத்துக்குப் போயிருக்கிறது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. எதற்காகக் காத்திருக்க வேண்டும்? முதல் காகிதம் சொன்னதைத்தான் இரண்டாவதும் சொல்லப் போகிறது. அதற்கும் ஒரு கண்ணாடி சொல்லி வைத்திருக்கிறேன்.

அது வரும் வரைக்கும் அடுப்பை நான் தொடக்கூடாது என்று ஒரு உத்தரவு. அதையும் மதித்தேன். போன வாரம் சத்திரத்தில் ஒரு கல்யாணம், என் கையாட்கள் சமைத்தார்கள். சடகோபன் எனக்கு இருபதடி தள்ளி ஒரு பெஞ்சைப் போட்டு, சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே, "ரசத்துக்கு உப்புப் போடலையேடா!" என்று கத்தினேன். போடவில்லைதான். வாசனையிலேயே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, அவர் யார், சந்நியாசியா, ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு, இரண்டு பேர் வந்து நமஸ்காரம் பண்ணினார்கள். ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினேன்.

இனிமேல் முக்கியமான விஷயம். சுந்தரிக்கு நான் என்னென்ன வைத்திருக்கிறேன் தெரியுமா? அங்காயப் பொடிக்குச் சுண்டைக்காய் வற்றல் நானே காய வைத்தாகிவிட்டது. பூண்டுக் குழம்புக்கு மலைப்பூண்டு சொல்லியிருக்கிறேன். மணத்தக்காளி ஒரு படி. அவளுக்குப் பிடிக்கிற சேவை நாழி, ஆணி கழன்று கிடந்ததை ஆசாரியிடம் கொடுத்துச் சரி பண்ணியாயிற்று. அவள் சின்னவளாக இருக்கும்போது நான் பிசைந்து போட்டால்தான் சாப்பிடுவாள், ஜம்பகம் போட்டால் வாயை மூடிக்கொள்வாள். ஊர் ஊராகப் போய் ஆயிரம் இலைக்குப் போட்டுவிட்டு வந்து, அவள் ஒருத்திக்குப் போடுகிறபோதுதான் எனக்குச் சமைத்த மாதிரி இருக்கும். கல்யாணமாகிப் போன ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் சாதம் என் கையால் கொடுக்கவில்லை. உங்கள் தாயார் சமையலை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று மாசம் எனக்கு வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விஷ ஜுரம், கிருமி என்று எவனோ ஆபீசில் சொன்னதற்காக, பெற்ற அப்பன் கையை நீங்கள் சந்தேகப்படலாமா? ஜம்பகம் மறுபடியும் பின்னால் வந்து, "ரெண்டாவது காகிதம் வரட்டுமே, அவசரப்படாதேங்கோ" என்கிறாள். அவளுக்கு எதிலும் பயம்.

ஆகவே இருபத்திரண்டாம் தேதி காலை வண்டி. மறக்க வேண்டாம். வழியில் அவளுக்கு எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள், வெளிச் சாப்பாடு ஆபத்து. உங்கள் தாயாருக்கு என் நமஸ்காரங்களைச் சொல்லவும். தணிகை மலைமேல் இருக்கிறவன் உங்கள் இரண்டு பேருக்கும் தீர்க்காயுசும் நல்ல குழந்தையும் கொடுப்பான், அதற்கு நான் ஜாமீன். குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று பாயசம் எது என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உங்கள் பிரியமுள்ள மாமனார்
கணபதிசுப்பிரமணியன்

பின்குறிப்பு. ஆவணி 12-ஆம் தேதி. இதை ஒட்டி வைத்து, தபாலில் போட ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது சடகோபன் வந்தார். நல்ல மத்தியானம், சட்டை முழுக்க வேர்வை. இரண்டாவது காகிதம் அவர் கையில் இருந்தது. வளர்ந்திருக்கிறது. கொஞ்ச நஞ்சம் இல்லையாம், தட்டு நிறைய வளர்ந்திருக்கிறதாம். நான் விடவில்லை. ஒரு காகிதம் இல்லை என்கிறது, ஒரு காகிதம் உண்டு என்கிறது, மூன்றாவது பாட்டில் அனுப்பி முடிவு கட்டுவோம் என்றேன். ஜம்பகம் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேணாங்கம்மா என்று சொல்லிவிட்டு சைக்கிளில் தொங்கின தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மாப்பிள்ளை, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக் கூடாது என்று நான்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் அவர் சொன்னார். "சாமி, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணையனோட மூத்த பொண்ணு சுலோச்சனா, தலைச்சன் புள்ளத்தாச்சி. தங்கச்சி கல்யாணத்துல சாப்ட்டுதுதான். ஜுரத்தோட ரெண்டு மாசம் முன்னாடியே புள்ள பொறந்துச்சு. டாக்டரு ராப்பகலா கூடவே இருந்து அந்த மருந்த குடுத்து ரெண்டு உசுரையும் நிறுத்தினாரு. புள்ள இன்னும் பஞ்சுலதாங்க கெடக்குது. உள்ளங்கை அளவு இருக்குது."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று பந்திக்கு வராமல் அடுப்படிக்குப் பின்னால் வந்து நின்று, "சாமி, எண்ணெ வாசனை கொமட்டுதுங்க, நைனாகிட்ட சொல்லாதீங்க, கொஞ்சம் தயிர்சோறு கெடைக்குங்களா?" என்று கேட்டாள். சுந்தரி வயசு. அண்டாவிலிருந்து கரண்டியால் எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. தனியாக ஒரு பாத்திரத்தில், குழையக் குழைய நானே என் கையால் பிசைந்து, மாங்காய் இஞ்சி நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எங்கம்மா பிசைஞ்ச மாதிரியே இருக்குதுங்க என்றாள். அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பெண் ஒருத்திக்குத்தான் நான் கையால் கொடுத்தது.

சுந்தரியை அனுப்ப வேண்டாம். மேலே எழுதியிருப்பது எல்லாம் தப்பு. கிழித்துப் போடலாம் என்றால், நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். கூடத்தில் மாட்டின காகிதத்தைக் கழற்றியாகிவிட்டது. டாக்டர் கொடுக்கிற மருந்தை அவர் கண் முன்னால் கூட்டோடு விழுங்குவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அதற்கும் பித்தப்பைக்குள் இருப்பது போகும் என்று நிச்சயமில்லையாம், பட்டணத்தில் ஆபரேஷன் பண்ணிப் பையையே எடுத்தால் போனாலும் போகுமாம். ஜம்பகத்துக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அவள் காகிதம் சுத்தமாக வந்தால் அவள் மட்டும் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வருவாள். நான் ஒருவேளை பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டால், வாசலில் உட்கார வைத்துக் குழந்தையைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். சமையலறைப் பக்கம் விடாதீர்கள். நான் வாதாடுவேன், என் பேச்சு எடுபடும், நீங்களே இவ்வளவு நேரம் படித்தீர்கள். கேட்காதீர்கள்.

சுந்தரியிடம் காரணத்தைச் சொல்ல வேண்டாம். மாசமாக இருக்கிறவள் அழக் கூடாது. அப்பா வரிசையாகக் கல்யாணங்கள் ஒத்துக்கொண்டுவிட்டாராம், உன்னை வைத்துப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒழியாதாம் என்று சொல்லிவிடுங்கள். நம்புவாள், நான் அப்படிச் செய்திருக்கிறேன். என் மேல் ரொம்பக் கோபப்படுவாள். படட்டும். கோபம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது.